சிகாகோ மேயர் தேர்தல்: இரண்டாம் சுற்று பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 பிப்ரவரி 28 அன்று சிகாகோ மேயர் பதவிக்கு ஒன்பது பேர் போட்டியிட்டார்கள். ஏறக்குறைய 33 சதவீத வாக்கு வாங்கி பால் வல்லாஸ் முதலிடம் பிடித்தார். பிராண்டன் ஜான்சனுக்கு 22 சதவீதம்கூட முழுசாகக் கிடைக்கவில்லை, ஆனால் இரண்டாமிடம். ஐந்து வாரம் கழித்து மேயரானவர் ஜான்சன். "முதலில் வந்தவர் தோற்று, 11 சதவீதம் பின்னால் இருந்தவர் எப்படி ஜெயித்தார்?" என்பதுதான் இந்தத் தேர்தலைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி. அதிலிருந்தே தொடங்கலாம்.

33 சதவீதம் வாங்கி முதலில் வந்தவர் ஏன் மேயர் ஆகவில்லை?

சிகாகோவில் மேயராக வேண்டுமென்றால் பதிவான வாக்கில் பாதிக்கு மேல் வாங்கியாக வேண்டும். மற்றவர்களைவிட ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினால் போதும் என்பது அங்கே செல்லாது. முதல் சுற்றில் யாருமே 50 சதவீதத்தைத் தாண்டவில்லை என்றால், முதல் இரண்டு பேரை மட்டும் வைத்து இன்னொரு தேர்தல் நடக்கும். இதைத்தான் ரன்ஆஃப் என்கிறார்கள். நாம் இரண்டாம் சுற்று என்றே வைத்துக்கொள்வோம். இரண்டே பேர் நிற்பதால் யாராவது ஒருவருக்குப் பாதிக்கு மேல் கிடைத்தே தீரும்.

முதல் சுற்றில் வாங்கிய வாக்கு அத்தோடு சரி. இரண்டாம் சுற்றில் இருவரும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார்கள். பிப்ரவரியில் வல்லாஸுக்கு வாக்களித்தவர் ஏப்ரலில் ஜான்சனுக்கு வாக்களிக்கலாம். முதல் சுற்றுக்கு வராதவர் இரண்டாம் சுற்றுக்கு வரலாம். முதல் சுற்றில் வாக்களித்தவர் அடுத்த முறை வீட்டிலேயே இருந்துவிடலாம்.

கட்சி சார்பற்ற தேர்தல் என்கிறார்களே, கட்சிகளே இல்லையா?

வாக்குச்சீட்டில் இல்லை. பெயர் மட்டும்தான் இருக்கும், பக்கத்தில் கட்சிப் பெயர் இருக்காது. கட்சிகள் தனித்தனியே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியும் கிடையாது. எல்லோரும் ஒரே மேடையில், ஒரே நாளில்.

நடைமுறை வேறு. சிகாகோவில் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த கடைசி மேயர் வில்லியம் ஹேல் தாம்சன் 1931இல் பதவியை விட்டுப் போனார். அதன்பிறகு வந்த எல்லோரும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள்தான். ஆகவே இந்தத் தேர்தலைக் கட்சி இல்லாத தேர்தல் என்பதைவிட, ஒரே கட்சிக்காரர்கள் சின்னத்தைச் சட்டைப்பையில் ஒளித்துவைத்துக்கொண்டு மோதும் தேர்தல் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

சின்னம் இல்லாமல் யார் எந்தப் பக்கம் என்று மக்களுக்கு எப்படித் தெரியும்?

யார் பின்னால் நிற்கிறார்கள் என்பதை வைத்து. வல்லாஸ் 1995 முதல் 2001 வரை சிகாகோ பொதுப் பள்ளிகளின் தலைமை அதிகாரியாக இருந்தவர். அவருக்குக் காவலர் சங்கம் ஆதரவு கொடுத்தது. ஜான்சன் முன்னாள் பள்ளி ஆசிரியர், ஆசிரியர் சங்கத்தின் அமைப்பாளர், குக் கவுண்டி (சிகாகோவை உள்ளடக்கிய மாவட்டம்) ஆணையர். அவருக்குப் பின்னால் ஆசிரியர் சங்கம். ஒரு பக்கம் போலீஸ், மறுபக்கம் வாத்தியார்கள். இதைவிடத் தெளிவான சின்னம் எதற்கு?

கட்சிப் பெயர் அச்சாகாததால் அது முக்கியமில்லாமல் போய்விடவில்லை என்பதும் உண்மை. 2009இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் வல்லாஸ், தான் ஜனநாயகக் கட்சியைவிடக் குடியரசுக் கட்சிக்கே நெருக்கம் என்ற பொருளில் பேசியிருந்தார். பதினான்கு வருடம் கழித்து அந்தத் துண்டை ஜான்சன் தரப்பு தோண்டி எடுத்து விளம்பரமாக ஓட்டியது. 'நான் வாழ்நாள் முழுக்க ஜனநாயகக் கட்சிக்காரன்' என்று வல்லாஸ் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. கட்சி சார்பற்ற தேர்தலில், கட்சியைக் காட்டியே ஒருவரை ஓட ஓட விரட்டினார்கள்.

இந்த முறைக்கு முன்னால் எப்படி இருந்தது?

ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் ஜெயித்தவர்தான் மேயர். அதன்பின் நடக்கும் பொதுத் தேர்தல் பெரும்பாலும் சம்பிரதாயம். பிரைமரியில் பாதிக்கு மேல் வேண்டும் என்ற விதி கிடையாது. அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி.

1983இல் அந்த விதிதான் சிகாகோவைப் புரட்டிப் போட்டது. அந்த பிரைமரி மும்முனைப் போட்டி. பதவியில் இருந்த மேயர் ஜேன் பர்ன் ஒரு பக்கம். 21 ஆண்டு மேயராக இருந்து பதவியிலேயே இறந்த ரிச்சர்ட் ஜே. டேலியின் மகன் ரிச்சர்ட் எம். டேலி இன்னொரு பக்கம். மூன்றாவதாகக் கறுப்பினத்தவரான ஹரால்ட் வாஷிங்டன். வெள்ளையர் வாக்கு பர்னுக்கும் டேலிக்கும் பிரிந்தது. கறுப்பின மக்கள் அலைஅலையாக வந்து வாக்காளர்களாகப் பதிவு செய்து வாஷிங்டன் பின்னால் திரண்டார்கள். ஏறக்குறைய 36, 34, 30 என்று வாக்குகள் பிரிய, வாஷிங்டன் ஜெயித்தார்.

அதுவரை சம்பிரதாயமாக இருந்த பொதுத் தேர்தல் திடீரென்று உயிர் பெற்றது. காலங்காலமாக ஜனநாயகக் கட்சிக்குப் போட்டவர்களில் பெரும் கூட்டம், பலர் அதுவரை பெயரே கேட்டிராத குடியரசுக் கட்சி வேட்பாளர் பெர்னார்ட் எப்டன் பக்கம் சாய்ந்தது. 'காலம் கடக்கும் முன் எப்டன்' என்ற பொருளில் ஒரு முழக்கம் வைத்தார்கள். எதற்குக் காலம் கடக்கும் முன் என்று யாரும் விளக்கத் தேவையில்லாத ஊர் அது. அப்படியும் வாஷிங்டன் கிட்டத்தட்ட 52 சதவீதத்தோடு வென்று, சிகாகோவின் முதல் கறுப்பின மேயர் ஆனார்.

அப்படியென்றால் அவருடைய வெற்றியைத் தடுக்கத்தான் இரண்டாம் சுற்றைக் கொண்டுவந்தார்களா?

வாஷிங்டன் 1987 நவம்பரில் பதவியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். சட்டம் மாறியது 1995இல். அதற்குள் ரிச்சர்ட் எம். டேலி மேயராகி ஆறு வருடம் ஆகியிருந்தது. 1994 தேர்தலுக்குப் பிறகு இலினாய் மாநிலத்தின் இரு அவைகளும் ஆளுநர் பதவியும் குடியரசுக் கட்சியின் கையில் இருந்தன. அந்த அவைகள்தான் சிகாகோ மேயர் தேர்தலைக் கட்சி சார்பற்றதாக்கி, 50 சதவீத விதியைச் சேர்த்தன.

கட்சி பிடியைத் தளர்த்தும் சீர்திருத்தம் என்பது வெளியே சொல்லப்பட்ட காரணம். கறுப்பின அரசியல் தலைவர்கள் பலர் அதை நம்பவில்லை. வெள்ளையர் வாக்கு இரண்டாகப் பிரிந்து இன்னொரு வாஷிங்டன் வந்துவிடக் கூடாது, அதற்கு அணை கட்டுகிறார்கள் என்றார்கள். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது என்பதே என் எண்ணம்; 1983 கண்ணெதிரே இருக்கும்போது வேறு எப்படி நினைக்கத் தோன்றும்? ஆனால் விதியை எழுதியவர் போட்ட கணக்குப்படி விதி நடப்பதில்லை என்பதையும் பின்னால் வந்த தேர்தல்கள் காட்டின.

விதி வந்ததும் இரண்டாம் சுற்று நடந்துவிட்டதா?

இல்லை, இருபது வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1999, 2003, 2007 மூன்றிலும் டேலி முதல் சுற்றிலேயே எளிதாகத் தாண்டிவிட்டார். அவர் விலகிய பிறகு 2011இல் ராம் இமானுவேல் 55 சதவீதம் வாங்கி முதல் சுற்றிலேயே முடித்தார். (நம்மூர் ராம் இல்லை, எபிரேயப் பெயர்.)

2015இல்தான் முதன்முறையாக இரண்டாம் சுற்று. ஐம்பது பொதுப் பள்ளிகளை 2013இல் ஒரே மூச்சில் மூடியதால் இமானுவேல் மீது கோபம் கனன்றுகொண்டிருந்தது. ஆசிரியர் சங்கத் தலைவர் கேரன் லூயிஸ் எதிர்த்து நிற்பார் என்று எதிர்பார்த்திருந்த நேரத்தில் அவருக்கு மூளைக் கட்டி. ஹெசூஸ் 'சூயி' கார்சியா களமிறங்கினார். முதல் சுற்றில் இமானுவேலுக்கு 45.6, கார்சியாவுக்கு 33.5. இமானுவேல் அதன்பின் வெளியிட்ட விளம்பரம் பேசப்பட்ட ஒன்று: கோட்டு சூட்டு இல்லாமல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கேமராவைப் பார்த்து, தன் குணம் சிலரை எரிச்சல்படுத்தும் என்பதை ஒப்புக்கொண்டார். ஏப்ரல் 7 அன்று 56க்கு 44 என்று வென்றார்.

அந்த ஸ்வெட்டரை வரவழைத்தது இரண்டாம் சுற்றுதான். முதல் சுற்றிலேயே 51 சதவீதம் வாங்கியிருந்தால் அவர் யாரிடமும் பணிந்து பேசியிருக்க மாட்டார்.

2019இல் பதினான்கு பேர் நின்றார்களாமே?

ஆமாம். இமானுவேல் 2018 செப்டம்பரில், இனி நிற்கப் போவதில்லை என்று சொன்னதும் கூட்டம் கூடிவிட்டது. பதினான்கு பேருக்கு வாக்கு சிதறினால் என்ன ஆகும்? லோரி லைட்ஃபுட் 17.5 சதவீதம் வாங்கி முதலிடம். குக் கவுண்டி வாரியத் தலைவர் டோனி பிரெக்விங்கிள் 16 சதவீதம் வாங்கி இரண்டாமிடம். டேலி குடும்பத்தின் பில் டேலிக்கு 15 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, வெளியே போனார்.

லைட்ஃபுட் அதுவரை எந்தத் தேர்தலிலும் ஜெயித்ததில்லை. அவருக்கு அதிர்ஷ்டம் ஒரு அதிரடிச் சோதனை வடிவில் வந்தது. 1969 முதல் நகரமன்றத்தில் உட்கார்ந்திருந்த எட்வர்ட் பர்க்கின் அலுவலகத்தில் 2018 நவம்பரில் மத்தியப் புலனாய்வினர் புகுந்தார்கள். போட்டியில் முன்னணியில் இருந்த பலருக்கு பர்க்கோடு ஏதோ ஒரு தொடர்பு இருந்தது, லைட்ஃபுட்டுக்கு இல்லை. இரண்டாம் சுற்றில் அவர் 73.7 சதவீதம் வாங்கி ஐம்பது வார்டுகளிலும் ஜெயித்தார். சிகாகோவின் முதல் கறுப்பினப் பெண் மேயர்.

கவனியுங்கள்: கறுப்பினத்தவர் ஜெயித்துவிடக் கூடாது என்று எழுதியதாகச் சந்தேகிக்கப்பட்ட விதியின் கீழ், கடைசியில் எஞ்சிய இருவருமே கறுப்பினப் பெண்கள்.

73.7 சதவீதம் வாங்கியவர் நான்கே வருடத்தில் மூன்றாம் இடத்துக்கு எப்படிப் போனார்?

அந்த 73.7இல் அவருடைய சொந்த வாக்கு 17.5தான். மீதி கடன் வாங்கிய வாக்கு. பிரெக்விங்கிள் வேண்டாம் என்று வந்தவர்கள், பழைய அரசியல் வேண்டாம் என்று வந்தவர்கள். கொரோனா, குற்றங்கள், ஆசிரியர் சங்கத்தோடும் காவலர் சங்கத்தோடும் ஒரே நேரத்தில் சண்டை என்று நான்கு வருடம் ஓடியபின், 2023 முதல் சுற்றில் கிடைத்தது 16.8 சதவீதம். 2019 முதல் சுற்றில் இருந்த அதே அளவுக்குக் கிட்டத்தட்டத் திரும்பி வந்துவிட்டார். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மேயர் பதவியில் இருக்கும்போதே மறுதேர்தலில் தோற்றது 1983இல் பர்னுக்குப் பிறகு அதுவே முதல் முறை.

இரண்டாம் சுற்றின் பெரிய வெற்றிகளைப் பார்த்து மயங்காமல், முதல் சுற்று எண்ணைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, 2023இல் ஜான்சன் ஜெயித்த கணக்கு என்ன?

முதல் சுற்றில் வல்லாஸுக்கு 1,85,743 வாக்கு, ஜான்சனுக்கு 1,22,093. இரண்டாம் சுற்றில் ஜான்சன் 3,19,481, வல்லாஸ் 2,93,033. அதாவது வல்லாஸ் கூடுதலாகச் சேர்த்தது ஒரு லட்சத்து ஏழாயிரம்; ஜான்சன் சேர்த்தது ஒரு லட்சத்து தொண்ணூற்று ஏழாயிரம். வித்தியாசம் 26,448 வாக்கு. சதவீதத்தில் 52.2க்கு 47.8.

வல்லாஸ் முதலிலேயே தன் ஆட்களை எல்லாம் திரட்டிவிட்டார். காவலர்களும் தீயணைப்பு வீரர்களும் அதிகம் வாழும் வடமேற்கு, தென்மேற்குப் பகுதிகள் அவர் கோட்டை. (நகரப் பணியில் இருப்பவர்கள் நகரத்துக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்ற விதியால் அப்படி ஒரு செறிவு.) ஜான்சன் சார்ந்த இடதுசாரிப் பக்கம் பலர் நின்று பிரிந்து கிடந்தது. ஏரிக்கரை ஒட்டிய வடபகுதி முற்போக்காளர்கள் முதல் சுற்றிலேயே அவரோடு. தெற்கிலும் மேற்கிலும் கறுப்பின வார்டுகள் முதல் சுற்றில் லைட்ஃபுட்டுக்குப் போட்டிருந்தன. இரண்டாம் சுற்றில் அவை ஜான்சன் பக்கம் வந்தன. அங்கேதான் தேர்தல் முடிந்தது.

இரண்டாம் சுற்றுக்கு முன் வந்த கருத்துக்கணிப்புகள் பெரும்பாலும் வல்லாஸ் சற்றே முன்னால் அல்லது சமநிலை என்றுதான் காட்டின.

முக்கியமான விஷயம், 1995க்கு முன்னிருந்த 'அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி' விதி இருந்து ஒன்பது பேரும் நேராக மோதியிருந்தால், 33 சதவீதத்தோடு வல்லாஸ் மேயர். வெள்ளையர் வாக்கு பிரிவதைத் தடுக்க வந்ததாகச் சொல்லப்பட்ட விதி, கறுப்பின வேட்பாளர் ஒருவரைக் காப்பாற்றி மேயராக்கியது.

தோற்றவர்கள் ஆதரவு கொடுத்தால் அவர்கள் வாக்கு அப்படியே மாறிவிடுமா?

மாறாது. வில்லி வில்சன் முதல் சுற்றில் 9 சதவீதம் வாங்கிய கறுப்பினத் தொழிலதிபர். அவர் வல்லாஸை ஆதரித்தார். கறுப்பின வார்டுகளின் பெரும்பான்மை அதற்குக் கட்டுப்படவில்லை. 14 சதவீதம் வாங்கிய கார்சியா ஜான்சனை ஆதரித்தார். லைட்ஃபுட் யாரையும் ஆதரிக்கவில்லை. செனட்டர் டிக் டர்பின் வல்லாஸ் பக்கம். பெர்னி சாண்டர்ஸும் எலிசபெத் வாரனும் ஜான்சன் பக்கம். தலைவர் கைகாட்டிய பக்கம் போக வாக்கு என்ன கூட்டணிக் கட்சியின் தொகுதிப் பங்கீடா?

யார் வேண்டுமானாலும் நிற்கலாமா?

காகிதத்தில் ஆமாம். நடைமுறையில் 12,500 வாக்காளர்களின் செல்லுபடியாகும் கையெழுத்து வேண்டும். எதிராளி ஒவ்வொரு கையெழுத்தையும் கேள்வி கேட்கலாம்: முகவரி தவறு, பதிவு இல்லை, கையெழுத்து ஒத்துவரவில்லை. அதனால் தேவைக்கு இரண்டு மூன்று மடங்கு திரட்டிக்கொண்டு வருவார்கள். குளிரில் ரயில் நிலைய வாசலில் அட்டையோடு நிற்கும் தொண்டர்கள்தான் இந்தத் தேர்தலின் முதல் கட்டம்.

இந்தக் கையெழுத்துச் சண்டை சிகாகோவின் பரம்பரைக் கலை. பராக் ஒபாமா 1996இல் மாநில செனட்டுக்கு முதன்முதலாக நின்றபோது, எதிராளிகள் அத்தனை பேரின் மனுவையும் எதிர்த்து எல்லோரையும் வாக்குச்சீட்டிலிருந்து விலக்கிவிட்டு, பிரைமரியில் தனியாளாக நின்று ஜெயித்தார்.

குடியிருப்பு விதியும் உண்டு. ஒரு வருடமாவது நகரத்தில் வசித்திருக்க வேண்டும். 2011இல் இமானுவேல் வெள்ளை மாளிகையில் ஒபாமாவின் தலைமை அலுவலராக இருந்துவிட்டு, சிகாகோ வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வந்திருந்தார். ஜனவரி 24 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பெயரை நீக்கச் சொன்னது. மூன்று நாளில் இலினாய் உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்த்தது.

இரண்டாம் சுற்றில் வாக்குப்பதிவு குறைந்துவிடாதா?

குறையும் என்பதுதான் பொதுவான பயம், பல ஊர்களில் நிஜமும்கூட. சிகாகோவில் மூன்று முறை நடந்ததில் இரண்டு முறை கூடியிருக்கிறது. 2015இல் 4.78 லட்சத்திலிருந்து 5.9 லட்சம், 2023இல் 5.64 லட்சத்திலிருந்து 6.12 லட்சம். 2019இல் மட்டும் குறைந்தது, ஏனென்றால் முடிவு எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த மாதிரி இருந்தது. போட்டி சூடாக இருந்தால் வருகிறார்கள்.

ஆனாலும் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2023 இரண்டாம் சுற்றிலேயே பதிவு செய்த வாக்காளர்களில் பத்துக்கு நான்கு பேர்கூட வரவில்லை.

இரண்டு முறை செலவு செய்வதற்கு, ஒரே நாளில் விருப்ப வரிசை எழுதச் சொன்னால் என்ன?

சில ஊர்கள் அதைத்தான் செய்கின்றன. வாக்காளர் 1, 2, 3 என்று வரிசை போடுவார். கடைசியில் இருப்பவரை நீக்கி, அவர் வாக்கை அடுத்த விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ 2004 முதல் இப்படித்தான். ஓக்லாந்தில் 2010இல் டான் பெராட்டா முதல் விருப்பத்தில் 34 சதவீதம் வாங்கி முன்னால் இருந்தார். 24 சதவீதம் வாங்கியிருந்த ஜீன் குவான், மற்றவர்களின் இரண்டாம் மூன்றாம் விருப்பங்களைச் சேர்த்து ஜெயித்தார். சிகாகோவில் ஐந்து வாரம் எடுத்த அதே கதை, ஒரே வாக்குச்சீட்டில். செயின்ட் லூயிஸ் இன்னொரு வழி: முதல் சுற்றில் பிடித்த எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் டிக் அடிக்கலாம், அதில் முதல் இருவர் அடுத்த சுற்றுக்கு.

செலவும் அலைச்சலும் மிச்சம் என்பது சரிதான். 2019 மாதிரி, மூன்றில் இரண்டு பங்கு மக்கள் வாக்களிக்காத இருவர் மட்டும் எஞ்சும் சங்கடத்தையும் இது குறைக்கும். ஆனால் எனக்கு அந்த ஐந்து வாரத்தின் மேல் ஒரு பிரியம் உண்டு. ஒன்பது பேர் இருக்கும் மேடையில் யாரும் யாரையும் ஒழுங்காகக் கேள்வி கேட்க முடியாது. இரண்டு பேர் மட்டும் எதிரெதிரே நின்றால், ஆளுக்கு இருபது வருடப் பேச்சும் வெளியே வரும். வல்லாஸின் 2009 பேட்டியும், காவல்துறைக்கான பணத்தைக் குறைப்பது பற்றி ஜான்சன் முன்பு பேசியதும் ஊர் முழுக்க அலசப்பட்டது அந்த ஐந்து வாரத்தில்தான்.

மற்ற ஊர்களிலும் இப்படி உண்டா?

நிறைய. லாஸ் ஏஞ்சலஸில் 2022இல் கேரன் பாஸ், சொந்தப் பணம் பத்துக் கோடி டாலருக்கு மேல் இறக்கிய ரிக் கருசோவை இரண்டாம் சுற்றில் தோற்கடித்தார். ஹூஸ்டனில் 2023 டிசம்பரில் ஜான் விட்மயர் ஷீலா ஜாக்சன் லீயை வென்றார்.

சுவாரசியம் வேண்டுமென்றால் அட்லாண்டா. 2009இல் காசிம் ரீட், மேரி நார்வுட்டை 714 வாக்கில் வென்று மேயரானார். 2017இல் நார்வுட் மறுபடி நின்று, மறுபடி ஆயிரத்துக்கும் குறைவான வாக்கில் கெய்ஷா லான்ஸ் பாட்டம்ஸிடம் தோற்றார். 2021இல் ரீட் திரும்பி வந்தார். இந்த முறை சுமார் 600 வாக்கில் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டு இரண்டாம் சுற்றுக்கே போக முடியவில்லை. அவரை முந்திய ஆண்ட்ரே டிக்கன்ஸ் இரண்டாம் சுற்றில் ஜெயித்தார்.

முடிவு அன்றிரவே தெரிந்துவிடுமா?

பெரும்பாலும். வாக்குப்பதிவு மாலை 7 மணிக்கு முடியும். அப்புறம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி எண்ணப்பட்டுவிடும். ஆனால் தேர்தல் நாளுக்குள் முத்திரை விழுந்த தபால் வாக்கு, பதினான்கு நாள் வரை வந்து சேர்ந்தாலும் எண்ணுவார்கள். முதல் இடத்தில் இழுபறி இல்லாவிட்டால்கூட, இரண்டாம் இடத்தில் இழுபறி என்றால் யார் அடுத்த சுற்றுக்குப் போகிறார்கள் என்று நகம் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

நான் நேப்பர்வில்லில் இருக்கிறேன். எனக்கு வாக்கு உண்டா?

கிடையாது. வெளியூர்க்காரர்களிடம் 'சிகாகோ' என்று சொல்லிக்கொள்ளும் தமிழர்களில் ஏராளமானோர் நேப்பர்வில், அரோரா, ஷாம்பர்க் போன்ற புறநகரங்களில் இருக்கிறார்கள். அவை தனி ஊர்கள், தனி மேயர்கள். நகர எல்லைக்குள் குடியிருக்கும் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே மேயர் வாக்கு. கிரீன் கார்டு போதாது. ஒரு விதிவிலக்கு: சிகாகோ பொதுப் பள்ளிகளின் உள்ளூர்ப் பள்ளிக் குழுத் தேர்தலில், பிள்ளை அங்கே படித்தால் குடியுரிமை இல்லாத பெற்றோரும் வாக்களிக்கலாம்.

ஜெயித்த மேயர் நினைத்ததைச் செய்துவிட முடியுமா?

ஆண்டுக்கு 1,600 கோடி டாலருக்கு மேல் புழங்கும் பட்ஜெட், துறைத் தலைவர்களின் நியமனம் என்று அதிகாரம் பெரிது. சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் நகரமன்றம்தான் பலம். டேலிகள் காலத்தில் அது தலையாட்டிக்கொண்டே இருந்ததால் மேயர் சர்வாதிகாரி மாதிரித் தெரிந்தார். தலையாட்ட மறுத்தால் என்ன ஆகும் என்பதை வாஷிங்டன் அனுபவித்தார். ஐம்பது பேரில் 29 பேர் எதிரணியில் சேர்ந்து, மூன்று வருடம் அவர் கையைக் கட்டிப் போட்டார்கள். நீதிமன்ற உத்தரவில் 1986இல் ஏழு வார்டுகளில் மறுதேர்தல் நடந்து 25க்கு 25 ஆனபின்தான் அவர் மூச்சு விட்டார்.

ஜான்சனுக்கும் கிடைத்தது ஒரு பாடம். 2024 நவம்பரில் அவர் கொண்டுவந்த 30 கோடி டாலர் சொத்து வரி உயர்வை நகரமன்றம் 50க்கு 0 என்று நிராகரித்தது. அவரோடு சேர்ந்து ஜெயித்தவர்களும் அந்த ஐம்பதில் இருந்தார்கள்.

கடுங்குளிரில், பிப்ரவரியில் ஏன் தேர்தல் வைக்கிறார்கள்?

பழைய பிரைமரி காலத்து வழக்கம் அப்படியே தங்கிவிட்டது. பிப்ரவரியின் கடைசி செவ்வாய் முதல் சுற்று, ஏப்ரலின் முதல் செவ்வாய் இரண்டாம் சுற்று. குளிரில் யார் வருவார்கள், கட்சி ஆட்கள் மட்டும்தான் வருவார்கள் என்று பழைய கட்சி எந்திரத்துக்கு அது வசதி என்பார்கள். ஒரு முறை அது திருப்பியடித்தது. 1979 ஜனவரியில் பெரும் பனிப்புயல். தெருக்களில் பனி அள்ளப்படாமல் கிடந்தது, ரயில்கள் சில நிலையங்களில் நிற்காமல் போயின. மக்கள் கோபம் தணிவதற்குள் பிப்ரவரி வந்துவிட்டது. மேயர் மைக்கேல் பிலாண்டிக்கைத் தோற்கடித்து வந்தவர்தான் ஜேன் பர்ன்.

2027க்கு அந்தக் கணக்கில் முதல் சுற்று பிப்ரவரி 23. தேவைப்பட்டால் இரண்டாம் சுற்று ஏப்ரல் 6.